பதினோராம் பாடத்துக்குப் பன்னிரண்டு சொல்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பாய்லர் வாத்தியாருக்கு எதையும் ஒரு தரம் பார்த்தால் போதாது. கதவைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்குவார், திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்தாலும் அதன் வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை நிறுத்துவார். நான் டீ கொடுத்தால் முதலில் தம்ளரைத் தொடுவார், பிறகு ஆவியைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் அது வாய்க்குப் போகும். "விஷமா வச்சிருக்கேன்?" என்று கேட்டால், "தெரியலையேக்கா" என்பார். சிரிக்கவும் மாட்டார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தொழில் அப்படி. ஒரு பெரிய சலவை நிலையத்தில் பத்து வருஷம் பாய்லர் பார்த்தவர். அதன் பிறகு பதினாறு வருஷமாகத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் பாய்லர் வகுப்பு எடுக்கிறவர். பாய்லர் என்பது ஆள் உயரத்துக்கு மேலான ஓர் இரும்புப் பீப்பாய். அடியில் நெருப்பு, உள்ளே தண்ணீர், மேலே நீராவி. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. பக்கவாட்டில் ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணாடிக் குழல் இருக்கும். அதில் தெரிகிற மட்டம்தான் உள்ளே இருக்கிற மட்டம் என்று நம்ப வேண்டும். சும்மா நம்பக் கூடாது என்பதுதான் வாத்தியாரின் முதல் பாடம். ஒரு ஷிப்டுக்கு மூன்று தரம் கண்ணாடிக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியே விட வேண்டும். மூடியதும் அது குபுக்கென்று பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சோம்பலாக ஏறினால் ஏதோ கோளாறு.

"கண்ணாடி பாவம்க்கா, அது பொய் சொல்லாது," என்று ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னார். "பாய்லருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சின்னக் குழாய் போகுது பாருங்க, அதுல சேறு அடைச்சுக்கும். உள்ள சொட்டுத் தண்ணி இருக்காது, கண்ணாடி முக்கால்வாசி காட்டிக்கிட்டு நிக்கும். எல்லாரும் கண்ணாடியத்தான் திட்டுவாங்க."

அவர் மனைவி அதே பள்ளியில் வெளிநாட்டு மொழி சொல்லிக்கொடுக்கும் டீச்சர். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்த மொழியில் கடை கேட்க, வழி கேட்க, சம்பளம் கேட்கப் பழகிக்கொண்டு போவார்கள். டீச்சர் அளந்து பேசுகிறவர். சண்டையில்கூட எடுத்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அழுவார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாடியில் இருவர் மட்டும்தான்.

நான் கீழ்வீட்டு முன்னறையில் டைப் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நகல் இயந்திரம், தாள்களுக்குச் சுருள் கம்பி போடும் கருவி ஒன்று. தெருவுக்கே நான் டைப்பக்கா. அந்த வெளிநாட்டு மொழியின் எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன், பொருள் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் பள்ளிக்கு ஓர் உத்தரவு வந்தது. அடுத்த பருவத்திலிருந்து பாய்லர் வகுப்பு முழுக்க அந்த மொழியிலேயே நடக்க வேண்டும். மொழி தனியாக, தொழில் தனியாக என்று இரண்டு தடவை மெனக்கெடுவானேன், தொழிலைச் சொல்லிக்கொடுக்கும்போதே மொழியும் ஏறிவிடும் என்பது மேலிடத்தின் எண்ணம். பிரின்சிபால், கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டு, வாத்தியார் சொல்லட்டும், டீச்சர் எழுதட்டும், இரண்டு மாதத்தில் நாற்பது பாடத்துக்கும் திட்டம் வேண்டும் என்றார். ஒரே வீட்டில் இருப்பவர்கள், சாப்பிடும் மேசையிலேயே முடித்துவிடலாம் என்று சிரித்தாராம். கல்யாணமாகாத மனிதர், அவருக்கு என்ன தெரியும்.

திட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. பாடத்துக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நம்ம மொழியில் தொழில்: இன்று என்ன கற்க வேண்டும். இரண்டாவதில் அதற்கு வேண்டிய புதிய வெளிநாட்டுச் சொற்கள். மூன்றாவதில் அந்தச் சொற்களை வைத்து மாணவர்கள் சொல்ல வேண்டிய வாக்கியங்கள். ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு புதுச் சொல்தான் அனுமதி, அதற்கு மேல் ஒருவர் தலையில் நிற்காதாம். பதிமூன்றாவது சொல் வந்தால் பக்கம் திரும்பி வரும். அடங்காத தொழிலை வேறு பாடத்துக்குத் தள்ள வேண்டும், இல்லை விட வேண்டும்.

வாத்தியாருக்கு இது பிடிபடவே இல்லை. பாய்லருக்கு எண்ணத் தெரியாது என்று என்னிடம் வந்து புலம்பினார். இருந்தாலும் சாயங்காலமானால் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதும், ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வாத்தியார் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார், டீச்சர் கேட்டுக் கேட்டு எழுதுவார். மறுநாள் காலையில் தாள் என் கடைக்கு வரும். கணவனுக்கு இவ்வளவு தெரியும் என்று டீச்சருக்கே அப்போதுதான் தெரிந்ததாம். எண்ணெய் எரியும்போது புகையின் நிறத்தைப் பார்த்துக் காற்றைக் கூட்டுவது, வால்வு இறுகுவதற்கு முன்னால் கையில் தட்டுப்படும் ஒரு சொரசொரப்பு, இதையெல்லாம் இருபத்தைந்து வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டும் அவர் சொன்னதில்லை. "நீ கேட்டதில்ல" என்றாராம். இப்படி ஒரு வாரம் மாடியில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

கெடுத்தது முகப்புத் தாள். பாடத்தின் பெயர், பருவம், மொத்த மணி நேரம் எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் "வகுப்பு நடத்துபவர்" என்று ஒரு கட்டம். அதை மட்டும் காலியாக விடும்படி டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார். நானும் விட்டேன். ஒருநாள் வாத்தியார் நகல் எடுக்க வந்தவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். பார்த்தார், கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏன்க்கா காலியா இருக்கு?"

"டீச்சர் சொன்னாங்க, விட்டேன்."

"பதினாறு வருஷமா நான்தானே நடத்துறேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எனக்கும் அது உறுத்தத்தான் செய்தது. வாத்தியாருக்கு அந்த மொழியில் வால்வின் மேல் அச்சடித்திருக்கிற பத்து இருபது சொல் தெரியும், அவ்வளவுதான். நாற்பது பாடமும் தாளில் ஏறிவிட்டால், அதை வாசித்து நடத்த மொழி டீச்சர் போதும். பாய்லர் வாத்தியார் ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாடியில் நாற்காலி இழுபடவில்லை. கட்டத்தில் என்ன எழுதப் போகிறாய் என்று அவர் கேட்டது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொன்னதும் கேட்டது. அதன் பிறகு பாத்திரம் கழுவும் சத்தம்தான்.

மறுவாரம் நாலாம் பாடத்தை, பதினேழு புதுச் சொல் வேண்டிவரும்படி வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். டீச்சர் எண்ணிப் பார்க்காமல் எழுதி அனுப்பிவிட, பக்கம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. தாளை என் மேசையில் போட்டுவிட்டு, வேண்டுமென்றே செய்கிறார் என்றார் டீச்சர். திட்டமே தள்ளிப்போக வேண்டும் என்று பார்க்கிறாராம். போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அக்கா, அவர் தனியா வந்து ஏதாவது சேர்க்கச் சொன்னா, என்கிட்ட காட்டாம சேர்த்துடாதீங்க."

எனக்கு உள்ளூர ஒரு பெருமை. ஒரு வீட்டின் ரகசியத்துக்குக் காவலாக வைத்துவிட்டார்களே. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்பார்கள். அது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பதினோராம் பாடம் மட்டும் எந்தத் தகராறும் இல்லாமல் வந்தது. பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்ப்பது பற்றிய பாடம். கண்ணாடியைப் பார், தண்ணீர் குறைந்திருந்தால் தண்ணீர் வால்வைத் திற. சரியாகப் பன்னிரண்டு சொல். மற்ற பாடத்துக்கெல்லாம் ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் வாதாடுகிறவர் இதற்கு வாயே திறக்கவில்லை என்றார் டீச்சர். நான் கேலியாக, மனுஷன் திருந்திவிட்டார் போலிருக்கிறது என்றேன். "அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர்.

அதற்குள் மாடியில் பேச்சே நின்றுபோயிருந்தது. அவர் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மேசையில் வைப்பார், டீச்சர் எடுத்துக்கொள்வார். இருவரும் என்னிடம் மட்டும் பேசினார்கள். படி ஏறும்போது ஒருவர், இறங்கும்போது ஒருவர். அவளுக்குப் பிரின்சிபால் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா என்று வாத்தியார். அவர் பெட்டியில் பழைய நோட்டு வைத்துப் பூட்டுகிறாரே பார்த்தீர்களா என்று டீச்சர். நான் இருவருக்கும் உம் கொட்டினேன்.

திட்டத்துக்குச் சுருள் கம்பி போட்டுக் கொடுக்க வேண்டிய நாள். காலை எட்டு மணிக்கே டீச்சர் பள்ளிக்குப் போய்விட்டார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. எட்டரைக்கு வாத்தியார் வந்தார். முகத்தில் தூக்கம் இல்லை. சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து, அதை விரித்துப் பார்த்து, மடித்து, மறுபடி விரித்து என் முன்னால் வைத்தார்.

"இதைப் பதினோராம் பாடத்துல சேர்த்துடுங்கக்கா. அவகிட்ட சொல்ல வேணாம்."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

நான் தாளைப் பார்த்தேன். மேலே நம்ம மொழியில் நாலைந்து வரி, அழுத்தி எழுதிய கோழிக்கிறுக்கல். கீழே அந்த மொழியில் ஆறு சொற்கள், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது. பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு. ஓகோ, மறுபடி ஆரம்பித்துவிட்டாரா என்று நினைத்தேன். கடைசி நாளில், டீச்சர் இல்லாத நேரம் பார்த்து, அவரிடம் சொல்லாதே என்று வேறு. நாலாம் பாடத்தில் செய்ததையே இங்கேயும் செய்து மொத்தத் திட்டத்தையும் திருப்பியனுப்ப வைக்கப் பார்க்கிறார். என்னிடமா?

அந்த வரிகளை நான் படிக்கவில்லை. சொற்களை எண்ணினேன். தாளை மேசை டிராயரில் போட்டேன்.

சாயங்காலம் டீச்சரிடம் காட்டலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பள்ளியின் பியூன் பதினோரு மணிக்கே வந்து நின்றான், நாற்பது பாடத்தையும் கட்டாக வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு காட்டி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். தினமும் டிராயரை இழுத்து ரப்பர் பேண்டு எடுக்கும்போது அது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து நாலு பேர் பார்வையிட வருவதாக இருந்தது. மாதிரி வகுப்பு நடக்க வேண்டும், டீச்சர் நடத்த வேண்டும், பாடம் பதினொன்று. அது சின்னது, கச்சிதமானது, வாக்கியம் அழகாக வருகிறது என்று பிரின்சிபால் தேர்ந்தெடுத்தாராம். வந்தவர்களுக்குக் கொடுக்க நகல் எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

பட்டறைக்குள் எண்ணெய் வாடையும் சூடும் முகத்தில் அடித்தன. பாய்லருக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். பூசி என்ன, அது பழைய பாய்லர்தான். தண்ணீர் குறைந்தால் நெருப்பைத் தானாக நிறுத்தும் வசதி அதில் கிடையாது. ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றேகாலுக்கு வந்தார்கள். அதுவரை பாய்லர் எரிந்துகொண்டே இருந்தது. வாத்தியார் காலையிலிருந்து அதன் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். கார் சத்தம் கேட்டதும் பிரின்சிபால் ஓடிவந்து, நாற்காலி போதவில்லை, அலுவலகத்திலிருந்து எடுத்து வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டார். தண்ணீர் விட வேண்டிய நேரத்தில், பாய்லர் வாத்தியார் பள்ளியின் மறுகோடிக்கு நாற்காலி தூக்கப் போனார்.

டீச்சர் வகுப்பைத் தொடங்கினார். நன்றாகத்தான் நடத்தினார் என்று நினைக்கிறேன். வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். சலவை நிலையத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த நடுவயதுப் பெண் ஒருத்தி, கை விரலெல்லாம் சோடாவில் வெளுத்தவள், அவளை முன்னால் கூப்பிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். அந்தப் பெண் பார்த்தாள். கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. அவள் பயப்படவில்லை, பாடம் மனப்பாடம். அந்த மொழியில் தெளிவாக ஒரு வாக்கியம் சொன்னாள். நான் நூறு தடவை நகல் எடுத்த வாக்கியம், பொருள்கூட எனக்குப் பழகிவிட்டிருந்தது: தண்ணீர் குறைவு, நான் வால்வைத் திறக்கிறேன். வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர் வால்வின் சக்கரத்தைப் பிடித்தாள்.

அப்போதுதான் வாத்தியார் கை நிறைய நாற்காலியோடு உள்ளே நுழைந்தார். வாசலிலிருந்தே கண்ணாடியைப் பார்த்தார். நாற்காலிகள் விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினோம். ஒரே பாய்ச்சலில் வந்து அந்தப் பெண்ணை இடுப்போடு சேர்த்து இழுத்துத் தள்ளிவிட்டு, சிவப்புப் பொத்தானை அடித்து நெருப்பை நிறுத்தினார். தள்ளின வேகத்தில் அவருடைய முன்னங்கை நீராவிக் குழாயில் முழுசாகப் படிந்தது. தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், வால்வை யாரும் தொடக் கூடாது, பாய்லர் ஆறட்டும் என்றார்.

முற்றத்தில் நின்றபோதுதான் பிரின்சிபால் என்ன விஷயம் என்று கேட்டார். தண்ணீர் குறைந்தால் ஊற்றலாம், கண்ணாடியில் தெரியவே தெரியாத அளவுக்குப் போய்விட்டால் ஊற்றக் கூடாது என்றார் வாத்தியார். உள்ளே இரும்பு பழுக்கக் காய்ந்து கிடக்கும், அதன் மேல் தண்ணீர் பட்டால் அந்த நொடியே மொத்தமும் ஆவியாகி பாய்லரைப் பிளந்துவிடும், நெருப்பை நிறுத்திவிட்டு விலகி நிற்பதுதான் ஒரே வழி. சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"அதை எடுத்துட்டியா?"

"எதை?" என்றார் டீச்சர்.

அவருடைய முகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கேள்விதான் இருந்தது. என் கையில் இருந்த நகல் கட்டு கனத்தது. அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வாத்தியார் ஒளிக்கவில்லை, பாடத்தை எழுதும்போது அந்த ஒன்றை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்துக்கொண்டதாகவும், அது இல்லாமல் வகுப்பு நடக்காது, தன்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்ததாகவும், ஆனால் மனசு கேட்காமல் கடைசி நாளில் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். முதல் பாதியை எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது பாதிக்குச் சாட்சி இல்லை, என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அவர் சாமான் கிடங்கில் உட்கார வேண்டும், பாய்லர் வகுப்பு டீச்சருக்கு என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் டீச்சர் கீழே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. "அக்கா, திட்டம் கட்டுப்போட்ட அன்னைக்கு அவர் ஏதாவது தாள் கொடுத்தாரா? கொடுத்தேன்னு சொல்றார். நான் அதைப் பார்த்து எடுத்துட்டேன்னு சொல்றார். நான் பார்க்கவே இல்லையேக்கா."

டிராயர் என் முழங்காலுக்கு நேரே இருந்தது. என் கடையில் பாதி வேலை அந்தப் பள்ளியிலிருந்து வருவது. அதைவிட, டைப்பக்கா கையில் கொடுத்தால் கல்வெட்டு மாதிரி என்று தெருவில் ஒரு பேர் இருக்கிறதே, அது. "எவ்வளவோ தாள் வருது டீச்சர், எதுன்னு நினைவு வச்சிக்கறது" என்றேன். சொல்லும்போது நகல் இயந்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், புருஷன் பொய் சொல்கிறார் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குப் படிக்கட்டில் யார் காலடி கேட்டாலும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் வாத்தியார் வந்து உட்கார்ந்தார். கையில் முழங்கை வரை கட்டு. டீயை நீட்டினேன். இடது கையால் வாங்கினார், தொட்டுப் பார்க்காமல் குடித்தார். வாய் சுட்டிருக்கும்.

பதினோராம் பாடத்தில் நாற்பது நகல் வேண்டும், பக்கத்தின் ஓரத்தில் அந்த வரிகளைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும் என்றார். வேலை போனால் போகிறது. அந்தச் சலவை நிலையத்துப் பெண் இன்று சாயங்காலம் ஊருக்குப் போகிறாள், அவள் மனதில் பதிந்திருப்பது தப்பான பாடம், நாளைக்கே அங்கே ஒரு பாய்லரின் முன்னால் நிற்பாள். அவருக்கு வலது கை எழுதாது, அதனால் ஒரு தாளில் நான் எழுதிக் கொடுத்தால் போதும், அதையே நகல் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"அன்னைக்குக் கொடுத்தேனே, அதே வரிதான்க்கா. நீங்க அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கும். நீங்க சேர்த்திருப்பீங்க, எனக்குத் தெரியும். அவதான் பார்த்து எடுத்திருக்கா."

பூட்டை நம்பாதவர், தொட்டியை நம்பாதவர், கட்டின மனைவியை நம்பாதவர். இந்த உலகத்தில் தட்டிப் பார்க்காமல் அவர் நம்பியது என்னை ஒருத்தியைத்தான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் ஒரு பையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார், மகள் வீட்டுக்கு. கடையைத் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினார். நான் எழுந்து, "டீச்சர், உள்ள வாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் வந்தார். டிராயரை இழுத்தேன். ரப்பர் பேண்டுகளுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்தேன்.

"நான் அடிக்கல. இங்கயேதான் இருந்துச்சு. சொல்லு ஜாஸ்தியா இருக்கேன்னு எண்ணிப் பார்த்துட்டுப் போட்டுட்டேன். நேத்து உங்ககிட்ட சொன்னது பொய்."

வாத்தியார் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏழாம் பாடம் நானே அடித்தது: கண்ணாடியில் பிழை இல்லை, நடுக் குழாயைச் சோதி. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு அது கேட்டது.

டீச்சர் தாளை எடுத்துப் படித்தார். நம்ம மொழியில் இருந்த வரிகளை வேகமாகப் படித்துவிட்டு, கீழே கோணல்மாணலாக நின்ற அந்த ஆறு சொற்களில் நின்றுவிட்டார். ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்தார்.

"இதெல்லாம் எங்க பிடிச்சீங்க?"

"உன் அகராதியில."

"எப்ப?"

"நீ குளிக்கப் போறப்ப. ஒரு சொல்லுக்கு ஒரு நாள் ஆச்சு."

டீச்சர் பையைக் கீழே வைத்தார். ஆறில் இரண்டு தப்பு என்றார். பிறகு, முகப்புத் தாளின் கட்டத்தில் என் பேரை எழுதச் சொல்லிப் பிரின்சிபால் முதல் வாரமே சொல்லிவிட்டார், நான் எழுத மாட்டேன் என்றுதான் காலியாக விட்டேன், உங்களிடம் சொன்னால் அப்போதே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள் என்று பயந்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லி, வாக்கியத்தை முடித்துவிட்டு, அழுதார். வாத்தியார் கட்டுப் போட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் உள்ளே போய் வெறுமனே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே பள்ளிக்குப் போய், நடந்ததைப் பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்தில். அந்த வரிகளைச் சேர்த்த நகலை, சலவை நிலையத்துப் பெண் ஊருக்குக் கிளம்பும் முன்னால் வாத்தியார் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். வாத்தியார் ஒளித்து வைத்ததற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார். இப்போது டீச்சரும் அவரும் சேர்ந்துதான் பாய்லர் முன்னால் நிற்கிறார்கள். பதினோராம் பாடத்துக்குப் பதினெட்டுச் சொல். மேலிடம் அதை இரண்டு தடவை சிவப்பு மையோடு திருப்பியனுப்பியது, டீச்சர் இரண்டு தடவையும் அப்படியே திருப்பியனுப்பினார். மூன்றாவது தடவை வரவில்லை.

அச்சு வேலை இன்னும் என்னிடம்தான் வருகிறது. வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. ஒன்றுதான் மாறியிருக்கிறது. நான் அடிக்கும்போது வாத்தியார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார். தோலுரிந்து வெளுத்துப்போன அந்தக் கையை என் தோளுக்கு மேலாக நீட்டி, திரையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, தன் தாளோடு ஒத்துப் பார்க்கிறார். அடித்ததும் ஒரு தரம், அச்செடுத்ததும் ஒரு தரம், கம்பி போட்டதும் ஒரு தரம். டீ கொடுத்தால் மறுபடியும் தம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார். நான் கேலி செய்வதில்லை. அவர் விரல் நகரும் வரைக்கும் அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருக்கிறேன்.